பர்மாத் தேக்கும் நம் வீட்டு வரவேற்பறையும்

பழைய சாமான்களுக்கு இப்போது நல்ல மவுசு. சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ புதிதாக அடுக்குமாடி வீடு வாங்கும் நம் நண்பர்களில் பலர், வரவேற்பறையில் ஒரு பழைய ஊஞ்சலோ, கணக்குப்பிள்ளை மேஜையோ, கைநீண்ட சாய்வு நாற்காலியோ போட ஆசைப்படுகிறார்கள். "நீ காரைக்குடியிலதானே படிச்சே, நல்ல சாமான் எங்கே கிடைக்கும்னு சொல்லேன்" என்று என்னைக் கேட்காத சொந்தக்காரர்கள் குறைவு. நம் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

ஆசையில் ஒன்றும் தவறில்லை. எனக்கும் அந்த ஆசை உண்டு. என் வீட்டிலும் சரிவான மூடியுள்ள ஒரு பழைய கணக்கு மேஜை இருக்கிறது. என் மகள் அதன் மேல் வைத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். ஆனால் இந்தச் சாமான்கள் எந்த வழியாக நம் கைக்கு வந்தன என்று யாரும் கேட்பதில்லை. நாம் நான்கு வருடம் படித்த ஊரின் சரித்திரமே அந்த மேஜையில் இருக்கிறது. நான் சரித்திர ஆசிரியன் அல்ல, கட்டட வேலை பார்க்கும் இன்ஜினீயர். ஆகவே மரம், சுமை, ஆணி என்று எனக்குத் தெரிந்த வழியிலேயே இந்தக் கதையைச் சொல்கிறேன்.

பணம் வந்த வழி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் என்று எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள் கொண்டது செட்டிநாடு. மழை குறைவான செம்மண் பூமி. இந்த மண்ணின் விளைச்சலை வைத்து இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டியிருக்க முடியாது என்பது பார்த்தாலே தெரியும். பணம் கடல் தாண்டி வந்தது.

1852ல் வெள்ளைக்காரர்கள் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது சுலபமானது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடு வெட்டிக் கழனியாக்க பர்மிய விவசாயிக்குக் கடன் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகள் சிறு விவசாயியை உள்ளேயே விடாது. அந்த இடத்தில் போய் நின்றவர்கள் நகரத்தார். 1929-30ல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணைக் குழுவின் கணக்குப்படி அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய். அன்றைய 75 கோடி என்பதை நினைவில் வையுங்கள்!

இலங்கை, மலேயா, சைகோன் என்று மற்ற இடங்களிலும் தொழில் நடந்தது. ஆனாலும் பெரிய வரவு பர்மாதான். அந்த வரவில்தான் 1800களின் பிற்பகுதியிலிருந்து 1930கள் வரை இந்த ஊர்களில் வீதிக்கு வீதி மாளிகைகள் எழுந்தன.

மரம் வந்த வழி

பணத்தோடு கப்பலில் மரமும் வந்தது. பர்மாத் தேக்கு என்றால் இன்றைக்கும் ஆசாரிகள் குரலில் ஒரு மரியாதை தெரியும். அதற்குக் காரணம் உண்டு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் கரையான் எளிதில் அண்டாது. ஈரத்திலும் வெயிலிலும் மற்ற மரங்களைப் போல அதிகமாகச் சுருங்கி விரியாது. கப்பல் தளத்துக்கு உலகம் முழுக்கத் தேக்கைத் தேடியது அதனால்தான்.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆனால் மலைக்காட்டிலிருந்து துறைமுகத்துக்கு மரம் வர ஆற்றை விட்டால் வேறு வழியில்லை. அதற்கு அவர்கள் செய்த உபாயம் இது. மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருடம் காயவிடுவார்கள். காய்ந்த பிறகு வெட்டி, யானை கொண்டு இழுத்து ஆற்றில் தள்ளினால் மிதந்து ரங்கூனுக்கோ மௌல்மீனுக்கோ போய்ச் சேரும். நாம் மெட்டீரியல்ஸ் பாடத்தில் 'சீசனிங்' என்று படித்தோமே, அதில் பாதி வேலை காட்டிலேயே முடிந்துவிடும். நூறு வருடம் ஆகியும் இந்த மரத்தில் கதவு கோணாமல் நிற்பதற்கு மரத்தின் குணத்தோடு அந்தப் பொறுமையும் ஒரு காரணம்.

இந்த மரத்துக்காக ஒரு ராஜ்யமே போயிருக்கிறது. 1885ல் பர்மிய அரசர் தீபாவின் அரசாங்கம் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற ஆங்கிலேயக் கம்பெனி மீது, தேக்கு மரங்களுக்குச் சரியாகப் பணம் கட்டவில்லை என்று பெரிய அபராதம் விதித்தது. அதைச் சாக்காக வைத்துப் படை கிளம்பியது. நவம்பர் மாதத்தில் மாண்டலே விழுந்தது. 1886 ஜனவரி 1ம் தேதி மேல் பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டது. நம் ஊர்த் தூண்களைத் தொட்டுப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சாமான் வீட்டுக்குள் வந்த கதை

நம் பழைய வீடுகளில் நாற்காலி மேஜைக்குப் பெரிய வேலை கிடையாது. உட்காருவது திண்ணையில், படுப்பது பாயில், சாப்பிடுவது தரையில் இலை போட்டு. மரச்சாமான் என்று இருந்தவை பெட்டகம், கட்டில், ஊஞ்சல், கல்லாப்பெட்டி, கணக்கு எழுதும் மேஜை ஆகியவைதான். கணக்கு மேஜைக்குக் கால் குட்டையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கணக்குப்பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதியதால் அந்த உயரம். அந்த மேஜையின் அளவே அன்றைய வாழ்க்கையைச் சொல்கிறது.

பிறகு இத்தாலிய சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் வந்தது போலவே ஐரோப்பிய நாற்காலிகளும் வந்தன. வளைத்த மரத்தில் செய்த, பிரம்பு பின்னிய 'வியன்னா' நாற்காலிகளைக் காரைக்குடிக் கடைகளில் இன்றும் பார்க்கலாம். அந்த நாற்காலிக்குப் பின்னால் நம்மைப் போன்ற ஒரு இன்ஜினீயர் மூளை இருக்கிறது. மைக்கேல் தோனெட் என்பவர் பீச் மரக் கம்பை நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சில் வளைத்துக் காயவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1859ல் வந்த அவருடைய 14ம் எண் நாற்காலிக்கு ஆறே துண்டு மரம், சில திருகாணிகள், அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். கப்பலில் உலகமெங்கும் போனதற்கு அதுதான் சூட்சுமம். பிரித்து அனுப்பி வீட்டில் பூட்டிக்கொள்ளும் சாமான் இன்றைய கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்தார்கள்? கூடப் படித்த நண்பனின் வீட்டு முகப்பில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளைப் பற்றி அவன் அப்பத்தாவிடம் கேட்டேன். "அது நாங்க உட்கார்றதுக்கு வாங்கினது இல்லப்பா. கலெக்டர், துரைமாரு வந்தா உட்கார வைக்கிறதுக்கு வாங்கினது. நாங்க எல்லாம் வளவுலதான்" என்றார்கள் அந்த ஆச்சி. ஒரு புத்தகத்தில் பத்துப் பக்கம் படிக்க வேண்டியதை இரண்டு வரியில் சொல்லிவிட்டார்கள். முகப்பு என்பது வெளி உலகத்துக்கு. வளவு என்பது தங்களுக்கு. தரையில் உட்கார்ந்து வாழ்ந்த குடும்பம், வருகிறவருக்காக ஒரு ஐரோப்பிய அறையை வாசலில் வைத்திருந்தது.

சாமான் வெளியே போன கதை

1930ஐ ஒட்டி உலகமெங்கும் பொருளாதார மந்தம். நெல் விலை படுத்தது. கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930ல் 6 சதவீதம். 1938ல் அது 25 சதவீதம். நகரத்தாருக்கு ரொக்கம் முடங்கிப்போனது. பர்மிய விவசாயிக்கோ பரம்பரை நிலம் போனது. இரண்டு பக்கமும் நஷ்டம்தான். ஆனால் நிலத்தை இழந்தவனின் கோபம் பெரிது. அதை மறைத்துவிட்டு நாம் மாளிகைகளின் பெருமையை மட்டும் பேசக்கூடாது.

1942 மார்ச் 8ம் தேதி ரங்கூன் ஜப்பானியர் வசம் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். மலைப்பாதையில் மாண்டவர்கள் பல்லாயிரம். 1948ல் பர்மா சுதந்திரம் அடைந்த கையோடு நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. 1962ல் ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1963ல் வங்கிகளும் 1964ல் கடைகளும் அரசுடைமையாயின. பர்மாக் கதை அத்தோடு முடிந்தது.

வரவு நின்றாலும் வீடு நிற்கிறதே! ஓடு மாற்ற வேண்டும், சுண்ணாம்பு பூச வேண்டும், விளக்கேற்றக் காவல் ஆள் வேண்டும். குடும்பம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டது. வீடோ ஆண் வாரிசுகள் எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை என்று கணக்கு. மூன்று தலைமுறை தாண்டினால் ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்குதாரர்கள் வந்துவிடுவார்கள். ரிப்பேர் செலவைப் பிரித்துக்கொள்வதைவிட வீட்டைப் பிரித்துக்கொள்வது சுலபம் என்ற நிலை அப்படித்தான் வருகிறது.

முதலில் போவது எனாமல் பாத்திரமும் ரவிவர்மா படங்களும். அப்புறம் நாற்காலி, பீரோ, நிலைக்கண்ணாடி. கடைசியில் கதவு, ஜன்னல், தூண், உத்தரம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளை நாம் மாணவர்களாக இருந்தபோது வேடிக்கை பார்த்திருக்கிறோம். அங்கே கிடக்கும் ஒவ்வொரு சாமானும் ஏதோ ஒரு பாகப்பிரிவினையின் மிச்சம்.

கடைக்காரர்களைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர்கள் எடுக்காமல் விட்டிருந்தால் எத்தனையோ நல்ல வேலைப்பாடு விறகாகப் போயிருக்கும். பழுதுபார்த்து, பாலிஷ் போட்டு, எந்தச் சாமான் எதற்குப் பயன்பட்டது என்று வாயில் விவரமும் வைத்திருப்பவர்கள் அவர்களில் பலர்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வாங்குவது என்று முடிவு செய்தால் இன்ஜினீயர் கண்ணோடு பாருங்கள். சில குறிப்புகள்:

திருகாணியைப் பாருங்கள். தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி 1930களின் நடுவில்தான் உலகத்துக்கே வந்தது. "நூத்தம்பது வருஷத்து பீரோ" என்று சொல்லி, அதன் கீல்களில் கூட்டல் குறி ஆணி இருந்தால், ஒன்று கீல் பின்னால் மாற்றியது, அல்லது பீரோவே பின்னால் செய்தது. எது என்று கேளுங்கள்.

இழுப்பறையை வெளியே உருவி, பின்பக்கமும் அடிப்பக்கமும் பாருங்கள். முன்பக்கத்துக்கு எல்லோரும் பாலிஷ் போடுவார்கள். பின்பக்கம் பொய் சொல்லாது. ரம்பத்தால் கையால் அறுத்த தடம் நேர்கோடாக இருக்கும். வட்ட ரம்பத்தில் மில்லில் அறுத்தது பிறைபோல வளைந்த கோடாக இருக்கும்.

வட்ட மேஜையை இரண்டு திசையிலும் நாடாவால் அளந்து பாருங்கள். மரம் நீளவாட்டில் சுருங்காது, குறுக்குவாட்டில் சுருங்கும். உண்மையிலேயே பழைய மேஜை என்றால் வட்டம் கொஞ்சம் நீள்வட்டமாகியிருக்க வாய்ப்பு அதிகம். அச்சு வட்டமாக இருந்தால் கொஞ்சம் யோசிக்கலாம்.

பழைய பாலிஷை அவசரப்பட்டுச் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்துப் பளபளப்பு பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசிய பிரெஞ்சு பாலிஷ். அதன் மேலேயே மெல்லியதாக மறுபடி பூசிக்கொள்ளலாம். முழுதும் இழைத்துப் புது வார்னிஷ் அடித்தால், நூறு வருட நிறத்துக்கும் கைபட்ட வழவழப்புக்கும் காசு கொடுத்து வாங்கி, அதையே குப்பையில் போட்டதாக ஆகும். ஏ.சி. காற்று நேராகப் படும் இடத்திலும் வைக்க வேண்டாம். மூட்டு விடும்.

வாங்குவதற்கு முன் உங்கள் லிஃப்டை அளந்துகொள்ளுங்கள். காய்ந்த தேக்கு கனமீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ. ஒரு பெரிய பீரோவில் கால் கனமீட்டர் மரம் இருந்தால் 160 கிலோவுக்கு மேல் போகும். ஏழாவது மாடிக்குப் படியில் ஏற்றச் சொன்னால் ஆட்கள் நம்மைப் பார்க்கும் பார்வை வேறு மாதிரி இருக்கும்.

ஊஞ்சல் விஷயத்தில் விளையாடாதீர்கள். பழைய வீட்டில் அது கனத்த உத்தரத்தில் தொங்கியது. இன்றைய வீட்டில் மேலே இருப்பது 5 அங்குலக் கான்கிரீட் தளம். ஆடும்போது சங்கிலியில் வரும் இழுவை, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருவதைவிட அதிகம். இரண்டு பக்கமும் 30 டிகிரி வீச்சுக்கு ஆடினாலே கால் பங்குக்கு மேல் கூடும். கொக்கியை பீமில் மாட்டுங்கள், கட்டட இன்ஜினீயரைக் கேட்டுவிட்டு மாட்டுங்கள். நம் சங்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறோம், இலவசமாகச் சொல்வோம்!

சுமை தாங்குவதை வாங்காதீர்கள்

இவ்வளவும் சொன்னது ஒரு விஷயத்துக்காக. பழைய சாமானில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, நகர்த்தக்கூடியது: நாற்காலி, மேஜை, பெட்டகம், கட்டில். அது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகப் பிறந்தது. அது போவதால் வீடு விழாது. மற்றது, வீட்டின் உறுப்பு: தூண், உத்தரம், நிலை, கதவு. தூணை உருவினால் கூரை இறங்கும். கூரை இறங்கினால் இரண்டு மழையில் சுவர் கரையும். நகரத்து உணவு விடுதியின் வாசலில் அழகுக்காக நிற்கும் ஜோடித் தூண் இப்போது எதையும் தாங்கவில்லை. முன்பு அது தாங்கிய கூரை இன்று எங்கே என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

இடிந்துவிட்ட வீட்டின் தூணை என்ன செய்வது, சும்மா விடுவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சந்தையில் தூணுக்கு விலை ஏற ஏற, நிற்கிற வீட்டையும் மரக்கணக்கு போட்டுப் பார்க்கும் எண்ணம் வருகிறது. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் அரசு தேக்கு உருட்டுக்கட்டைகளை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. புது மரம் அரிதாகும்போது பழைய வீடுதான் காடு. அதே 2014ல் செட்டிநாட்டு ஊர்களை உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வருடத்தில் ஒரு கை காப்பாற்ற நீள்கிறது, இன்னொரு பக்கம் விலை ஏறுகிறது.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 1972ம் ஆண்டின் பழம்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி 100 வருடத்துக்குக் குறையாத கலைப்பொருளும், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் 'பழம்பொருள்' என்ற கணக்கில் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் இருக்கும் நம் நண்பர்கள் கன்டெய்னர் பேசுவதற்கு முன் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் செட்டிநாட்டு அழகு நம் வீட்டுக்கு வரவே கூடாதா? தாராளமாக வரட்டும். ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடிப் பலகையில் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் கல் செய்கிறார்கள். புதுக் கல்லை வாங்கிப் பதியுங்கள். செதுக்குத் தூண்தான் வேண்டுமென்றால் தோட்டத் தேக்கில் புதிதாகச் செதுக்கச் சொல்லி ஆசாரிக்கு வேலை கொடுங்கள். பழைய தூணுக்குக் கொடுக்கும் பணம் ஒரு வீட்டின் முடிவுக்குப் போகிறது. புதுத் தூணுக்குக் கொடுக்கும் பணம் ஒரு பட்டறையின் அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

வாங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் எந்த ஊர், எந்த வீடு, எதற்குப் பயன்பட்டது என்று கேட்டு, ஒரு சீட்டில் எழுதி இழுப்பறைக்குள் ஒட்டி வையுங்கள். என் மேஜையின் இழுப்பறையில் ஊர்ப் பெயரும் வாங்கிய தேதியும் எழுதி ஒட்டியிருக்கிறேன். நமக்குப் பிறகு அதை எடுப்பவர்களுக்கு அது வெறும் மரமாகத் தெரியக்கூடாது.

இப்போது விடுதியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி வாசலிலிருந்து சைக்கிள் தூரத்தில் உலகம் பார்க்க வரும் வீடுகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நாடாவும் கேமராவும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்டு ஒரு வீட்டையாவது அளந்து வரைபடம் போடுங்கள். பிராஜெக்ட் தலைப்புக்குத் திண்டாடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது. அந்த வீடு நின்றால் பழுதுபார்ப்பவர்களுக்கு வரைபடம் உதவும். நிற்காவிட்டால், அப்படி ஒரு வீடு இருந்தது என்பதற்கு உங்கள் வரைபடமாவது சாட்சியாக இருக்கும்.